பெட்ரோலில் எரிந்த விளக்குகள்

நைஜீரியாவின் பெட்ரோல் மானிய வரலாற்றை அந்நாட்டு மின்வெட்டின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 1956இல் ஒலோயிபிரியில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. 1970களில் எண்ணெய்ப் பணம் பெருகியதும் பெட்ரோலை மலிவாக விற்பது அரசின் வழக்கமாயிற்று. மண்ணின் செல்வத்தில் தங்களுக்குக் கிடைக்கும் ஒரே பங்கு அதுதான் என்று மக்கள் எண்ணினர். அந்த எண்ணத்தில் நியாயமும் இருந்தது. போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனா ஆகிய ஊர்களின் அரசு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் பராமரிப்பின்றி முடங்கவே, கச்சா எண்ணெய் விற்கும் நாடு பெட்ரோலை இறக்குமதி செய்து, அதற்கு மானியமும் கொடுத்தது. மலிவுப் பெட்ரோல் அண்டை நாடான பெனினுக்குக் கடத்தப்பட்டது.

மின்சாரத்தை 1972 முதல் கவனித்த அரசு நிறுவனம் நெபா. மின்சாரம் திரும்பி வரும்போது தெருவெங்கும் "அப் நெபா!" என்று கூவுவார்கள். 2005இல் அதன் பெயர் மாறியது; 2013இல் விநியோகம் தனியாரிடம் போனது; கூவல் மட்டும் மாறவில்லை. 20 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு மின்தொகுப்பு தருவது பெரும்பாலும் 4,000 முதல் 5,000 மெகாவாட்தான்.

ஆகவே முடிதிருத்துபவரும் தையல்காரரும் குளிர்பானக் கடைக்காரரும் பெட்ரோல் ஜெனரேட்டரை நம்பினர். மிகச் சிறிய ஜெனரேட்டருக்கு 'பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்' என்ற பொருளில் பட்டப்பெயரே உண்டு. பெட்ரோல் மானியம் அவர்களுக்கு மின்சார மானியமும் ஆனது. பொருளாதார அறிஞர்கள் பலர் இதைக் கணக்கில் கொள்ளவில்லை.

2012 ஜனவரி 1 அன்று அதிபர் குட்லக் ஜொனாதனின் அரசு மானியத்தை நீக்க, லிட்டர் 65 நைராவிலிருந்து 140 நைராவைத் தாண்டியது. வேலைநிறுத்தத்தில் நாடு ஸ்தம்பித்தது. இரு வாரங்களில் விலை 97 நைராவுக்கு இறக்கப்பட்டது. பின்னர் நடந்த நாடாளுமன்ற விசாரணையில் மானியக் கணக்கின் பெரும் மோசடிகள் வெளிவந்தன. ஆனாலும் செலவு ஏறிக்கொண்டே போய், 2022இல் 4 லட்சம் கோடி நைராவைக் கடந்தது.

2023 மே 29 அன்று பதவியேற்பு உரையிலேயே புதிய அதிபர் போலா டினுபு மானியத்துக்கு முடிவு கட்டினார். ஜூலையில் லிட்டர் 617 நைரா. 2024 ஏப்ரலில், நாளுக்குக் குறைந்தது 20 மணிநேரம் மின்சாரம் பெறுவோரின் கட்டணம் யூனிட்டுக்கு 68இலிருந்து 225 நைரா ஆனது. அதே ஆண்டு தேசிய மின்தொகுப்பு பலமுறை முற்றிலும் செயலிழந்தது. மானியத்தை நிறுத்தியது தவறல்ல. மின்சாரத்தைச் சீராக்காமல் மானியத்தை முதலில் நிறுத்தியதே தவறு.