மதுரை வட்டாரக் குன்றுகள்: பெயரும் அளவும் வகைப்பாடும்

மதுரை நகரையும் அதைச் சூழ்ந்த வைகைச் சமவெளியையும் ஒட்டி எழுந்து நிற்கும் யானைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம், சமணமலை, அழகர்மலை, அரிட்டாபட்டிக் குன்றுகள் ஆகியவற்றுக்குக் கல்வெட்டு, புராணம், ஊர்வழக்கு, வருவாய்ப் பதிவேடு, நிலப்படம் என்று பல வழிகளில் பெயர்கள் வந்து சேர்ந்துள்ளன. இவை எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே இங்கு ஒரு குன்றை இன்னதென்று உறுதிசெய்ய, பழைய படத்தையும் புதிய அளவையையும் ஒப்பிடுவதோடு பாறையிலுள்ள எழுத்தையும் ஆடு மேய்ப்பவர் சொல்லும் பெயரையும் கேட்டாக வேண்டும்.

பெயர் மாறாமல் நிலைத்ததற்கு யானைமலை நல்ல சான்று. ஒத்தக்கடையை ஒட்டி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு மொட்டைப் பாறையாகக் கிடக்கும் இம்மலை, நகரப் பக்கமிருந்து நோக்குவோருக்குத் துதிக்கையை நீட்டிப் படுத்த யானையாகவே தோன்றும். இதன் குகைத்தளத்தில் உள்ள ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் 'இவ குன்றம்' என்ற தொடர் வருகிறது. 'இவம்' என்பது யானையைக் குறிப்பதாகக் கல்வெட்டறிஞர் கொள்வதால், மலையின் பெயரை மலையே தன் மேல் எழுதி வைத்திருக்கிறது எனலாம். பிற்காலத்தில் திருவிளையாடற் புராணம், சமணர் ஏவிய யானையும் நாகமும் மாயப்பசுவும் வீழ்த்தப்பட்டு மூன்று மலைகளாயின என்று கதை சொல்லி, யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றையும் ஒரே தொகுதியாக்கியது. யானைமலையைப் பொறுத்தவரை கதைதான் பெயரைத் தொடர்ந்து வந்ததே அன்றிப் பெயர் கதையிலிருந்து பிறக்கவில்லை.

மற்ற குன்றுகளுக்கு இந்த நல்லூழ் வாய்க்கவில்லை. கீழக்குயில்குடியிலுள்ள சமணமலையை வட்டெழுத்துக் கல்வெட்டுகள் 'திருவுருவகம்' என்றும், அரிட்டாபட்டிக் குன்றொன்றை அவ்வூர்க் கல்வெட்டு 'திருப்பிணையன்மலை' என்றும் குறிக்கின்றன. இரண்டு பெயர்களும் இன்று பேச்சில் இல்லை. முன்னதை ஊரார் 'அமணமலை' என்பர். பின்னது கழிஞ்சமலை ஆகிவிட்டது. பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த கல்வெட்டுகளைக் கொண்ட மாங்குளம் மலைக்கு ஓவாமலை, கழுகுமலை என இரு பெயர்கள் வழங்குகின்றன. கழுகுமலை என்ற பெயரோ அரிட்டாபட்டியிலும் உண்டு, கோவில்பட்டிக்கு அருகிலும் உண்டு. திருப்பரங்குன்றம், வழிபடுவோர் மரபுக்கேற்பக் கந்தமலை என்றும் சிக்கந்தர்மலை என்றும் வழங்குகிறது.

இப்பெயர்களை முறையாகத் தாளில் ஏற்றும் வேலை கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தொடங்கியது. 1802-இல் அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோண அளவை தெற்கு நோக்கி விரிந்தது. ஓர் அடிக்கோட்டின் நீளத்தையும் அதன் இரு முனைகளிலிருந்து தொலைவிலுள்ள ஓர் உச்சியைக் காணும் கோணங்களையும் அறிந்தால் அவ்வுச்சியின் இடம் கணக்கில் கிடைத்துவிடும் என்பதே இம்முறை. சமவெளியில் தனித்து நிற்கும் குன்றுகள் இதற்கு வாகாக அமைந்தன. இத்தகைய நிலையங்களின் உச்சிப் பாறையில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒரு வட்டமும் வெட்டி வைப்பது அளவையாளரின் வழக்கம், படத்தில் அதுவே சிறு முக்கோணக் குறியாகும். இடம் துல்லியமாயிற்று, பெயர் அப்படி ஆகவில்லை. ஊரார் சொன்னதை ரோமன் எழுத்தில் எழுதும்போது ல, ள, ழ வேறுபாடு மறைந்தது. 'யானைமலை' பேச்சில் 'ஆனைமலை' ஆகி, 1906-இல் வெளிவந்த, பிரான்சிசு என்பவர் எழுதிய மதுரை மாவட்டக் கெசட்டியரிலும் அப்படியே பதிவானதால், கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆனைமலையோடு எழுத்தளவில் ஒன்றாயிற்று.

இந்திய நில அளவைத் துறையின் தாள் வரிசையில் மதுரை நகரும் யானைமலையும் 58 கே/1 என்ற தாளில் அடங்க, பத்தாம் அகலக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால் அழகர்மலை 58 ஜே தொகுதிக்குப் போய்விடுகிறது. பழைய ஒரு மைலுக்கு ஓர் அங்குலப் படங்களுக்குப் பின் வந்த 1:50,000 படங்களில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் வரையப்படுகின்றன. பதினைந்து மீட்டர் உயரமுள்ள சிறு குன்று எந்தக் கோட்டிலும் சிக்காமல் நழுவிவிடலாம்.

செயற்கைக்கோள் அளவையிலும் ஒரு கண்ணி உண்டு. கருவி முதலில் தருவது கணித முறையில் அமைத்த புவி நீளுருண்டைக்கு மேலான உயரமே. தென்னிந்தியாவில் கடல்மட்டப் பரப்பு அந்த உருண்டைக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே அமைவதால், கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டரிலுள்ள மதுரை விமான நிலையம் திருத்தப்படாத அளவில் ஐம்பது மீட்டர்கூட இல்லாததாகத் தோன்றும். இத்திருத்தத்தைச் செய்யாமல் பழைய படத்தைப் பிழையென்பது அவசரமாகும். முறையாக அளந்தால் வகையே மாறுவதும் உண்டு: வேல்சு நாட்டின் மினித் கிரெய்க் கோச் என்னும் குன்று 2008-இல் மறுஅளவை செய்யப்பட்டு, 2000 அடி எல்லையை அங்குலக் கணக்கில் தாண்டியதால் மலையென ஏற்கப்பட்டது.

அத்தகைய உயர எல்லை தமிழ் வழக்கில் இல்லை. தாழ்ந்த பசுமலை 'மலை' எனப்படுகிறது. ஆயிரம் அடியை எட்டும் பரங்குன்றம் 'குன்றம்' எனப்படுகிறது. கல்லும் முள்ளுமாய்க் கிடப்பது கரடு; தெற்கே நெல்லைப் பக்கம் அதுவே பொத்தை. ஓர் உச்சி தன்னை அடுத்துள்ள தாழ்ந்த கழுத்திலிருந்து எவ்வளவு எழுகிறது என்னும் தனித்தெழுச்சியைக் கொண்டு வேல்சில் செய்வது போல வகுத்தால், நீண்ட முதுகும் பல முடிகளும் கொண்ட நாகமலையை ஒன்றென்பதா பலவென்பதா என்ற கேள்வி எழும். ஊரார் அதை ஒரே நாகமாகவே காண்கின்றனர்.

வருவாய்த் துறையின் 'அ' பதிவேடு மூன்றாவதொரு வகைப்பாட்டைத் தருகிறது. அங்கு ஒரு குன்று உயரத்தாலோ உருவத்தாலோ அறியப்படாமல், கிராம எல்லைக்கேற்பப் பல புல எண்களாகப் பிரிந்து, 'மலைப் புறம்போக்கு' என்றோ 'கல்லாங்குத்து' என்றோ எழுதப்படுகிறது. படமோ பதிவேடோ எதைச் சொன்னாலும், மேலூர் வட்டத்தில் கிரானைட் வெட்டப்பட்ட குன்றுகள் சிலவற்றில், பழைய படத்திலுள்ள கோடுகள் குறிக்கும் பாறையே இன்று இல்லை. பதிவேட்டு முறைக்கு மாறாக, 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.42 எக்டேர் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, கழிஞ்சமலை, நாட்டார்மலை, வயத்துப்பிள்ளான்மலை, ராமாயிமலை, ஆப்டான்மலை, தேன்கூட்டுமலை, கழுகுமலை என்று அங்குள்ள ஏழு குன்றுகளும் ஊர்வழக்குப் பெயர்களாலேயே பரவலாக அறியப்பட்டன.