வதந்திக்குக் கால் முளைத்த வரலாறு



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "விடுதி நினைவு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்றார்கள். நினைவு ஒன்று இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லப்போனால் கொஞ்சம் வரலாறும் சொல்ல வேண்டும். முடிவில் நான் செய்த தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. நான் இயற்பியல் மூன்றாம் ஆண்டு. மதியம் விடுதி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, "உனக்கு ஊர்லேர்ந்து போன்" என்றார். ஓடினேன். எஸ்.டி.டி. கட்டணம் எகிறும் பகல் நேரத்தில் அம்மா போன் செய்கிறார் என்றால் ஏதோ விபரீதம் என்று நெஞ்சு படபடத்தது. அம்மாவோ, "டேய், பிள்ளையார் பால் குடிக்கிறாராம்டா! இங்க எல்லாரும் போயிட்டு வந்துட்டோம். நீயும் ஒரு கரண்டி குடுத்துட்டு வா" என்றார்.

கடைத்தெருக் கோயிலில் வரிசை நின்றது. என் முறை வந்தது. கரண்டியைத் துதிக்கையோரம் சாய்த்துப் பிடித்தேன். பால் குறைந்தது! "குடிச்சிட்டார், குடிச்சிட்டார்" என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் கத்தினேன். அப்போது என் கால் விரல்களில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. கீழே பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்று அன்று சொல்லியிருப்பேன். பார்க்க விரும்பவில்லை என்பதே உண்மை.

மறுநாள் வகுப்பில் பேராசிரியர் யாரையும் திட்டவில்லை. "ஏம்ப்பா, போனியா? கால் நனைஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பரப்பு இழுவிசையை விளக்கினார். ஈரமான கல்லில் கரண்டி விளிம்பு தொட்டதும், பாலைக் கல் பக்கம் இழுப்பது அந்த விசைதான். இழுபட்ட பால் மெல்லிய படலமாக வழிந்து கீழே போய்விடுகிறது. மத்திய அரசின் அறிவியல் துறையினரும் பாலில் சாயம் கலந்து, அது சிலையின் மேல் வழிவதைக் காட்டினார்கள். முதலாண்டில் நான் செய்முறைத் தேர்வே எழுதிய பாடம் அது!

பக்தியைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. நான் இன்றும் பிள்ளையாரைக் கும்பிடுகிறவன்தான். என் கேள்வி வேறு. விடியுமுன் டில்லிக் கோயில் ஒன்றில் தொடங்கிய பேச்சு, அன்றே இந்தியா முழுவதும் பரவி லண்டன் வரை போனது எப்படி?

போனும் டி.வி.யும்தான் என்று சொல்லிவிடலாம். அதற்குப் பின்னால் அரசியல் முடிவுகள் உண்டு. 1984-ல் சி-டாட் நிறுவனத்தை அரசு தொடங்கியது. அதன் பின் ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காக நாம் சில்லறையோடு காத்து நின்றது யாருக்கு மறக்கும்? தனியார் டி.வி.யும் வந்தது. 1995 ஜூலை 31-ல் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இன்டர்நெட். செப்டம்பரில் பால்! நாடு புதுக் கம்பியை இழுத்து முடிப்பதற்குள் வதந்தி அதில் ஏறிக்கொண்டது.

ஆனால் கம்பி மட்டும் காரணமில்லை. பின்னாளில் வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டியபோது, இதற்கு முந்தைய கதைகளும் கிடைத்தன.

எம்டன் வந்த இரவு

1914 செப்டம்பர் 22. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரவு ஒன்பதரை மணி வாக்கில், எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடலுக்கு வந்து குண்டு வீசியது. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கப்பல் அரை மணி நேரத்தில் போய்விட்டது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே அதன் கதையும் முடிந்தது. சென்னையில் அது கிளப்பிய பயம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. "மறுபடியும் வருமாம்" என்ற பேச்சில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். "அவன் பெரிய எம்டன்" என்று நாம் இன்றும் சொல்வது அந்தப் பயத்தின் மிச்சம்தான்.

28 ஆண்டு கழித்து மறுபடியும் அதே காட்சி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. ஜப்பான் படை சென்னை நோக்கி வருவதாக அரசாங்கமே நம்பிவிட்டது. அவசியமில்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்றார்கள். அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் கப்பற்படையோ சென்னைக்கு வரவே இல்லை.

பாமரன்தான் வதந்தியை நம்புவான் என்று நாம் நினைக்கிறோம். 1942-ல் நம்பியது கோட்டையில் இருந்தவர்கள்! போர்க்காலத் தணிக்கையில் செய்திகளை மூடி வைத்தார்கள். ரேடியோ உள்ள வீடுகளில் ஜனங்கள் பெர்லினையும் டோக்கியோவையும் ரகசியமாகக் கேட்டார்கள். அரசாங்கத்தின் வாயில் வருவதை நம்பாத ஊரில், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் செய்தி.

மனசு செய்யும் வேலை

இந்தக் குணத்தை ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஓர் இந்தியர். 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரும் பூகம்பம். பாட்னாவைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ஜமுனா பிரசாத், அதையொட்டிக் கிளம்பிய வதந்திகளைத் தொகுத்து 1935-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இன்னும் பெரிய ஆபத்து வரப்போகிறது, பாட்னாவே அழியப்போகிறது என்ற ரீதியில் இருந்தன அந்தப் பேச்சுகள்.

அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் திகைத்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதத்தைக் காணாத மக்கள், மேலும் பயமுறுத்தும் பேச்சை ஏன் விரும்பி நம்ப வேண்டும்? அவருக்குக் கிடைத்த விடை இது: பயம் முதலில் வந்துவிட்டது. சுற்றிலும் அதற்குக் காரணம் தெரியவில்லை. அந்தக் காரணத்தை வதந்தி கொடுத்தது. இந்த யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் 1957-ல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கொள்கை.

1947-ல் ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இருவர் ஒரு கணக்கும் சொன்னார்கள். விஷயம் எவ்வளவு முக்கியமோ அதை, விவரம் எவ்வளவு மங்கலோ அதனால் பெருக்கினால் வதந்தியின் பலம் கிடைக்கும். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் வதந்தியும் பூஜ்யம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தெருவில் நடந்தது

2018. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றின. கூடவே ஒரு வீடியோ: மோட்டார் பைக்கில் வருகிறவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என் அக்கா அனுப்பினார். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பார்த்ததும் வயிறு கலங்கியது. நம் பேட்ச் குரூப்புக்கு உடனே அனுப்பிவிட்டேன். "எல்லோரும் ஜாக்கிரதை" என்று மேலே ஒரு வரியும் நானே எழுதினேன். உங்களில் சிலருக்கு அது ஞாபகம் இருக்கலாம்.

அந்த வீடியோ கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விளம்பரம். முடிவில் குழந்தையைத் திருப்பி இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. ஜூலை 1-ல் மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஒரே கிராமத்தில் ஐந்து பேர். அதன் பிறகு வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு முறையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது.

நான் அந்த வீடியோவை அனுப்பிய வாரமே எங்கள் தெருவில் ஒரு போர்வை வியாபாரியை வளைத்துக்கொண்டார்கள். வடக்கத்திப் பையன், இருபது வயது இருக்கும். தமிழ் தெரியாமல் கைகூப்பி நின்றான். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். இன்னொருவர் கையில் செல்போன், அதில் அதே வீடியோ. எனக்குக் கை கால் நடுங்கியது. ஆனால் வாய் வரவில்லை.

வாய் வந்தது டீக்கடை அண்ணாச்சிக்குத்தான். கூட்டத்துக்குள் வந்து, "இருங்கப்பா. யார் வீட்டுப் புள்ளைய காணோம்? பேரு சொல்லுங்க, தேடுவோம்" என்றார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் வீட்டுப் பிள்ளையும் காணாமல் போகவில்லை. சட்டையைப் பிடித்த கை தானாக இறங்கியது. அண்ணாச்சி அந்தப் பையனைப் பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுத்தார்.

அண்ணாச்சி ஆல்போர்ட்டைப் படித்தவரில்லை. ஆனால் அந்தப் பெருக்கல் கணக்கில் மங்கலைப் பூஜ்யமாக்கினார். நான் பட்டம் வாங்கியவன்; 23 வருஷத்துக்கு முன் கால் நனைந்தும் கீழே பார்க்காதவன், அன்றும் பார்க்கவில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் கையில் இருக்கும் கருவி என்னுடையதைவிட வேகமானது. இன்று இல்லாத முகத்தையும் குரலையும்கூட அசல் போலவே உருவாக்கித் தருகிறது. செய்தியை மூடி வைக்கும் அரசும் இருக்கும், பயத்தைக் கிளப்பி ஓட்டுக் கேட்பவர்களும் இருப்பார்கள். அவற்றையெல்லாம் ஒரே நாளில் மாற்ற நம்மால் முடியாது. அனுப்பும் முன் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஒரு கேள்வி கேட்க முடியும். நமக்குப் பிரியமானவர் அனுப்பியிருந்தால் இரண்டு முறை கேளுங்கள். எனக்குப் பால் செய்தியைச் சொன்னது அம்மா, வீடியோவை அனுப்பியது அக்கா. இருவரும் என் மேல் பாசம் உள்ளவர்கள்தான்.

நம் பேட்ச் நண்பர்களுக்கு: அன்று அனுப்பிய வீடியோவை மறுநாளே அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்று இன்றுவரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். மன்னிக்கவும். மறுசந்திப்பில் நேரில் பார்ப்போம்.

— ஒரு முன்னாள் மாணவன், இயற்பியல் துறை (1993–96)