காப்பாற்ற ஒன்றுமில்லையா? காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவையில் உட்செவிக் காயமும் நரம்பணுக் கணக்கும்

காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியின் மின்வாயைச் சிறு துளை வழியே மெல்லச் செலுத்துவது, எலும்பின் உட்புறத்தை மூடும் மெல்லிய சவ்வான எண்டோஸ்டியத்தைத் துளைக்கருவி தொடாமல் பார்ப்பது, உட்செவி நிணநீரை உறிஞ்சாமல் விடுவது ஆகிய நெறிகளை 1993இல் காது அறுவை மருத்துவர் லேன்ஹார்ட் தொகுத்தார். எஞ்சிய செவித்திறன் உள்ளவர்களுக்கே இவை தேவை, பிறவியிலேயே கேளாத குழந்தையின் உட்செவியில் காப்பாற்ற எதுவும் இல்லை என்பது ஒரு சாராரின் கருத்து. தமிழ்நாட்டில் இக்கருத்தின் விளைவு பெரிது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இக்கருவி பொருத்தப்படுகிறது. ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பத்தின் குழந்தைக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. அந்த உட்செவியை வெற்றுக் குழலாக எண்ணுவது தவறு என்பதே என் வாதம்.

காப்பாற்ற எதுவும் இல்லை என்ற கருத்தின் முதன்மைச் சான்று, கருவி பொருத்தப்பட்டவர்கள் இறந்தபின் அவர்களுடைய பொட்டெலும்புகளைச் சீவி ஆராய்ந்த ஆய்வுகள். உட்செவியிலிருந்து ஒலிச் செய்தியைக் கடத்தும் சுருள் நரம்பணுக்களின் எண்ணிக்கைக்கும், அவர்கள் வாழ்ந்த காலத்தில் பெற்ற சொல்லறி மதிப்பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்று அவற்றுள் சில கண்டன. அப்படியென்றால் நரம்பணுக்களை இழப்பது பொருட்டில்லை என்று வாசித்துவிட்டார்கள். எண்கள் சரி, வாசிப்புதான் பிழை. கேளாமை எத்தனை ஆண்டு நீடித்தது, எந்த நோயால் வந்தது, மூளையின் நிலை என்ன, கருவி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என ஆளுக்கு ஆள் எல்லாம் மாறும்போது, நரம்பணுவின் பங்கு அந்த இரைச்சலில் மறைந்துபோகும்.

ஆரணித் தறிகளை எண்ணிப் பார்க்கலாம். பத்து நெசவாளர்களின் சேலைகளில் பாவிழை அறுந்த இடங்களை எண்ணிச் சேலையின் தரத்தோடு ஒப்பிட்டால் தொடர்பு தெரியாமல் போகலாம். பட்டின் முறுக்கு, சாயம், நெய்யும் கை எல்லாமே வேறு வேறு. அதனால் இழை அறுவது பொருட்டில்லை என்று தறியில் உட்காரும் எவரும் ஒப்பமாட்டார். ஒரே கை, ஒரே பட்டு, இரண்டு பாவு என்று வைத்துப் பார்த்தால்தான் அறுந்த இழையின் விலை தெரியும்.

2014இல் வெளியான ஆய்வு அதைத்தான் செய்தது. இரு காதிலும் கருவி பொருத்தப்பட்டு வாழ்ந்து மறைந்த ஆறு பேரின் பொட்டெலும்புகளில், வலக்காதை இடக்காதோடு ஒப்பிட்டார்கள். மூளை ஒன்று, வாழ்க்கை ஒன்று. நரம்பணுக்கள் கூடுதலாக இருந்த காதே சொற்களைக் கூடுதலாக அறிந்தது. பொருத்தும்போது ஏற்பட்ட காயம் மிகுந்த இடங்களில் உட்செவிக் குழலுக்குள் புது எலும்பும் மிகுதி என்று 2007இலேயே காட்டப்பட்டிருந்தது. புது எலும்பு கூடக்கூடச் சொல்லறி மதிப்பெண் குறைவதை 2016 ஆய்வு காட்டியது.

ஆறு பேர் போதுமா? போதாதுதான். அவர்கள் குழந்தைகளும் அல்லர். குழந்தையின் விளைவை அறுவையின் நுணுக்கத்தைவிட அது செய்யப்படும் வயதே பெரிதும் தீர்மானிக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வயதில் பொருத்திய கருவி ஆயுள் முழுக்க உழைக்காது. பழுதானால் அதே குழலுக்குள் இன்னொரு மின்வாய் போயாக வேண்டும், அங்கே எலும்பு வளர்ந்திருந்தால் வழி அடைபடும். ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்தின் குறையால் கேளாத குழந்தைகள் மரபணுச் சிகிச்சைக்குப் பின் கேட்கத் தொடங்கினார்கள் என 2024இல் அறிவிக்கப்பட்டது. ஒலியை உணரும் அவர்களுடைய மயிரணுக்கள் அழியாமல் இருந்ததால்தான் அது நடந்தது. கேளாத காது எல்லாம் வெறுங்காது அல்ல. மெல்லச் செலுத்தினால் நேரம் வீணாகும் என்ற மறுப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கூடுவது சில நிமிடங்களே.

ஆகவே ஒவ்வொரு அறுவைக் குறிப்பிலும் நான்கு செய்திகள் பதிவாக வேண்டும்: உட்செவியின் இயல்பான திறப்பான வட்டச் சாளரம் வழியா தனித் துளை வழியா, செலுத்த எத்தனை நொடி ஆனது, எங்கே தடை தட்டியது, மின்வாயின் எத்தனை முனைகள் உள்ளே சென்றன. அதன் படியொன்றைப் பெற்றோர் கையிலும் கொடுங்கள். இருபது ஆண்டு கழித்து அதே காதைத் திறக்கப்போகும் மருத்துவருக்கு அது வேண்டியிருக்கும்.