காணாமற்போன பத்து நாள்கள்

1582-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இரவு, ஸ்பெயின் நாட்டின் ஆல்பா தெ தோர்மெஸ் என்னும் ஊரிலுள்ள கார்மேல் மடத்தில் புனித அவிலா தெரேசா இறைவனடி சேர்ந்தார். மறுநாள் அவரை அடக்கம் செய்தனர். அந்த மறுநாள் அக்டோபர் 15. அந்நாளே இன்றளவும் அவருடைய திருவிழா நாளாக விளங்குகிறது.

இச்செய்தியை முதன்முறையாகப் படிப்போருள் ஒரு சாரார் அச்சுப்பிழை என்று கருதி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவர். மற்றொரு சாரார் புனிதையின் புதுமைகளுள் இதுவும் ஒன்று என்று கைகுவிப்பர். இரு சாராருமே "ஏன்?" என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால், அச்சுப்பிழையினும் புதுமையினும் சுவைமிக்க ஒரு வரலாறு அவர்களுக்குக் கிட்டியிருக்கும்.

ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் நடைமுறைப்படுத்திய நாள்காட்டி, ஓர் ஆண்டுக்கு 365¼ நாள்கள் என்று கணக்கிட்டது. கதிரவனின் ஆண்டோ அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. 11 நிமிடம் அற்பமே. ஆயினும் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகத் திரண்டுவிடுகிறது. 325-ஆம் ஆண்டில் நீசேயாப் பொதுச்சங்கம் கூடிய காலத்தில், பகலும் இரவும் சமமாகும் இளவேனில் நாள் மார்ச் 21 அளவில் வந்தது. பதினாறாம் நூற்றாண்டிலோ அது மார்ச் 11-க்கு நகர்ந்துவிட்டது. உயிர்ப்புப் பெருவிழாவின் தேதி அந்நாளை வைத்தே கணிக்கப்படுவதால், பிழை திருவழிபாட்டையே தொட்டது.

இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த மருத்துவர் லூயிஜி லீலியோ இதற்கு ஒரு தீர்வு கண்டார். 1576-இல் அவர் மறைந்தபின், இயேசு சபைக் கணித அறிஞர் கிறிஸ்தோபர் கிளாவியுஸ் உள்ளிட்ட குழுவினர் அதனை ஆராய்ந்து செம்மைப்படுத்தினர். திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் 1582 பிப்ரவரி 24 தேதியிட்ட ஆணைமடலால் அதனை நடைமுறைப்படுத்தினார். 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகள் இனி லீப் ஆண்டுகளாகா என்பது புதிய விதி. அதனால்தான் 1900-க்குப் பிப்ரவரி 29 இல்லை, 2000-க்கு இருந்தது. ஏற்கெனவே சேர்ந்திருந்த பிழையைக் களைய, அசிசியாரின் திருவிழாவாகிய அக்டோபர் 4-ஐ அடுத்துப் பத்துத் தேதிகள் நீக்கப்பட்டன.

நீங்கியவை தேதிகளே, யாருடைய வாழ்நாளும் குறையவில்லை. வியாழனை அடுத்து வெள்ளி முறைப்படியே வந்தது. கடன், வாடகை போன்றவற்றில் எவருக்கும் இழப்பு நேராதவாறு, கெடுவோடு பத்து நாள்களைக் கூட்டித் தீர்ப்பளிக்க வேண்டுமென நடுவர்களுக்கு அம்மடலிலேயே கட்டளையிடப்பட்டது. விண்மீன்களைக் கணித்தவர்கள் கடனாளியையும் மறக்கவில்லை.

ஸ்பெயின், போர்த்துகல், போலந்து ஆகியவை குறித்த நாளிலேயே இதனை ஏற்றன. உரோமையிலிருந்து வந்தது என்பதனாலேயே பிற நாடுகள் பல தயங்கின. இங்கிலாந்து 170 ஆண்டுகள் காத்திருந்தது. இதன் விளைவு நம் மண்ணிலும் தெரிந்தது. 1746-இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயிடம் பணிந்தது. ஆங்கிலேயர் கணக்கில் அன்று செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. தோற்றவரும் வென்றவரும் ஒரே நாளை இரு தேதிகளில் எழுதி வைத்தனர். அதற்குள் இடைவெளி பதினொரு நாளாகப் பெருகியிருந்தது. 1700-ஐ ஆங்கிலேயர் லீப் ஆண்டாகக் கொண்டதே காரணம்.

1752-இல் இங்கிலாந்தும் செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று அறிவித்தது. அப்போது பொதுமக்கள் "எங்கள் பதினொரு நாள்களைத் திருப்பித் தாருங்கள்!" என்று தெருக்களில் கலகம் செய்தனர் எனப் பல நூல்கள் கூறும். படிப்போரும் நகைத்தவாறே நம்புவர். ஆனால் அத்தகைய கலகம் நிகழ்ந்ததற்குத் தக்க சான்று எதையும் வரலாற்றாசிரியர்கள் காணவில்லை. 1754-ஆம் ஆண்டுத் தேர்தலை எள்ளி நகையாடி ஓவியர் ஹோகார்த் தீட்டிய படமொன்றில், அத்தகைய முழக்கம் எழுதிய பதாகை கிடக்கிறது. ஓவியத்தின் கேலி காலப்போக்கில் வரலாறாகிவிட்டது.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பத்து நாள்கள் மறைந்தது மெய். அதனை நம்ப மறுக்கிறோம். கலகம் சான்றற்றது, அதனை உடனே நம்புகிறோம். முன்னது நம் அன்றாட அனுபவத்தோடு மோதுகிறது. பின்னதோ "பாமர மக்கள் அறிவிலிகள்" என்று நாம் முன்னரே கொண்டிருக்கும் எண்ணத்துக்கு இதமாக இருக்கிறது. ஆக, செய்தியின் உண்மையை எடைபோடுவதாக எண்ணிக்கொண்டு, நம் விருப்பு வெறுப்புகளையே தராசில் வைக்கிறோம். அயலாரைப் பற்றிய வதந்தியை நாம் ஏற்பதும் பெரும்பாலும் இவ்வாறுதான். நாள்காட்டியில் நேரும் பிழையால் விழாவின் தேதி மாறும். வதந்தியில் நேரும் பிழையால் ஒருவரின் நற்பெயர் மாளும்.

கிரகோரியார் காலத்தில் திருச்சபை, 1,600 ஆண்டுப் பழைமையைக் காரணங்காட்டிப் பிழையைக் காத்துக்கொண்டிருக்கவில்லை. வானத்தைப் பார்த்தது, கணக்கறிந்தோரைக் கேட்டது, திருத்திக்கொண்டது. வியப்பான செய்தி எதுவாயினும் நாமும் அவ்வாறே செய்யலாம். நம்புமுன் கேட்போம், மறுக்குமுன்னும் கேட்போம். காயங்களைக் காணாமல் நம்பமாட்டேன் என்ற தோமாவை ஆண்டவர் விலக்கிவிடவில்லை. அருகே அழைத்துத் தம் விலாவைக் காட்டினார்.