‘அப்பா’ என்னும் சொல்: அரமேயமும் தமிழும்

ரோமர் 8:15ஐ வாசிக்கும் தமிழ்க் கிறிஸ்தவர் அங்கே ஓர் அந்நியச் சொல் நிற்பதை உணர்வதில்லை. பவுல் தம் கிரேக்க நிருபத்தில் அரமேயச் சொல்லொன்றை அப்படியே வைத்து, அடுத்தே அதன் பொருளைக் கிரேக்கத்தில் தருகிறார். ஆங்கில வேதாகமத்திலும் அச்சொல் அந்நியமாகவே ஒலிக்கும். நமது வேதாகமத்திலோ ‘அப்பா’ என வரும்போது அது வீட்டுச் சொல்லாகிவிடுகிறது. மாற்கு 14:36, கலாத்தியர் 4:6 என்னும் மற்ற இரண்டு இடங்களிலும் இவ்வாறே.

இதனைக் கொண்டு, கெத்செமனேயில் ஆண்டவர் தமிழில் ஜெபித்தார் என்னுமளவுக்குச் செல்லும் பிரசங்கங்களை நாஞ்சில் நாட்டுச் சபைகளில் நாம் கேட்டதுண்டு. இளமையில் நாமும் ஏறக்குறைய அவ்வாறே பேசினோம், சபையாரும் மகிழ்ந்தனர். ஆயினும் அது பிழை.

அரமேயம் செமித்தியக் குடும்பத்தது. தமிழ் திராவிடக் குடும்பத்தது. ‘அப்’ என்னும் அரமேய அடியோடு சேரும் ‘ஆ’ பெயரைச் சுட்டி வரையறுக்கும் ஈறு. தமிழில் ‘அப்பன்’ என்பது ‘அப்பா’ ஆவது விளியினால். ஒலி ஒன்று, இலக்கணம் வேறு.

பின்னர் இவ்வொற்றுமை எவ்வாறு நேர்ந்தது? மர்டாக் என்னும் மானிடவியலறிஞர் பல மொழிகளிலிருந்து திரட்டிய தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களை ஆதாரமாகக் கொண்டு, ரோமன் யாக்கோப்சன் 1960இல் வெளிவந்த கட்டுரையில் இதனை விளக்கினார். குழந்தைக்கு முதலில் எளிதாவன இதழ்களில் பிறக்கும் ஒலிகள். மழலைக்குப் பொருள் தருவோர் பெற்றோரே. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தகப்பன்! நம் வீட்டு மாமா இதனைக் கேட்டால் என்ன சொல்வாரோ.

கடன்சொற்களின் வழி வேறு. 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த ‘துக்கீம்’ நமது ‘தோகை’ என்று கால்டுவெல் கருதினார். அதனை மறுப்போரும் உளர். எப்படியாயினும், மயில் கப்பலேறினால் பெயரும் உடன் ஏறக்கூடும். தகப்பனைக் கூப்பிடும் சொல்லுக்குக் கப்பல் வேண்டியதில்லை.

இங்கு மற்றொரு பிழையும் உண்டு. அரமேய ‘அப்பா’ மழலைச் சொல் என்று யெரெமியாஸ் ஒரு காலத்தில் எழுதினார். பிற்பாடு அதனைத் தாமே விலக்கிக்கொண்டார். வளர்ந்த மக்களும் அச்சொல்லையே வழங்கினர் என்று ஜேம்ஸ் பார் 1988இல் எடுத்துக்காட்டினார். கிரேக்கத்தில் ‘பப்பாஸ்’ என்னும் மழலைச் சொல் இருந்தும், பவுலும் மாற்கும் அதனை எடுக்கவில்லை. ஐம்பது வயதிலும் தகப்பனை அப்பா என்றே அழைக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். உறவில்லாத சொல்லாயினும் வழக்கில் நம் சொல் அதனை ஒத்திருக்கிறது. எனினும் விளவங்கோட்டுப் பகுதியில் ‘அச்சன்’ என்றழைத்து வளர்ந்தோரிடம் ஒலியொற்றுமையை மட்டும் காட்டும் பிரசங்கத்தால் பயன் என்ன?

இந்தச் சொல்லை அந்நியமாக உணராதோர் நாம் மட்டுமல்லர். நமது மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் பழைய தோமா கிறிஸ்தவர் ஆலயம் ஒன்றுண்டு. அம்மரபினரின் சுரியானி வேதாகமமாகிய பெஷித்தாவும் அரமேயமே. அதன் மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லை இருமுறை எழுத நேர்ந்தபோது, மாற்குவில் இரண்டாவதை ‘என் பிதாவே’ என்றும், ரோமரிலும் கலாத்தியரிலும் ‘எங்கள் பிதாவே’ என்றும் எழுதினர்.