யார் யாரைத் தேடிப் போவது?

இன்று மும்பையின் நடுவில் நெரிசலோடு கிடக்கும் தாராவியும் மாட்டுங்காவும் வடாலாவும் 1890 வாக்கில் நகரத்தின் வடக்கு எல்லை. கோலி மீனவர் குடியிருப்பு, கொஞ்சம் வயல், மாஹிம் கழிமுகத்துச் சேறு, அவ்வளவுதான். தன் கண்ணில் படக் கூடாதென்று நினைத்ததையெல்லாம் நகரம் அங்கேதான் அனுப்பிவைத்தது. 1887இல் பாந்த்ராவின் தோல் பதனிடும் தொழில் தாராவிக்குத் தள்ளப்பட்டது. அந்த வேலையை நம்பித்தான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர்கள் வந்து இறங்கினார்கள். 1890 நவம்பரில் மாநகராட்சி ஆணையர் ஆக்வொர்த், மாட்டுங்காவில் வீடற்ற தொழுநோயாளிகளுக்கென ஒரு காப்பகம் திறந்தார். வடாலாவில் அது இன்றும் அவர் பெயரில் ஆஸ்பத்திரியாக இருக்கிறது. ஏழைகளின் வைத்தியம் என்றாலே ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்று அளந்து பார்ப்பது நமக்கு வழக்கம். இந்த வட்டாரத்தின் நூற்றாண்டுக் கதையைப் பார்த்தால் மைல் கணக்கு பெரிதாக உதவாது. வைத்தியர் நோயாளியைத் தேடிப் போனாரா, போனது யாருடைய நலனுக்காக என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காப்பகத்துக்கு ஆள் பிடித்ததும் ஒருவகையில் தேடிப் போனதுதான். தெருவில் பிச்சையெடுத்தவர்களைத் தேடி அள்ளிக்கொண்டு வந்தார்கள். 1889இல் ஹவாயின் மொலோகாய் தீவில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்துவந்த பாதிரியார் டேமியன் அதே நோயால் இறந்த செய்தி உலகத்தையே கலக்கியிருந்த நேரம் அது. ஆனால் 1890–91இல் இந்தியா முழுக்கச் சுற்றிய தொழுநோய் ஆணையம், பயப்படுகிற அளவுக்கு இது தொற்றுவதில்லை என்றே எழுதியது. அதற்குப் பிறகும் 1898இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அடைத்துவைக்கச் சொன்னது பிச்சையெடுத்துத் திரிந்த ஏழை நோயாளிகளை. சொந்த வீட்டில் மூன்று வேளை சாப்பிட்ட நோயாளியை அது தொடவில்லை. கிருமிதான் பயம் என்றால் கிருமிக்குப் பணக்காரன், ஏழை என்று பேதம் ஏது? அன்று மருந்தே கிடையாது, கூரையும் கஞ்சியும் கொடுத்ததே பெரிது என்று ஆக்வொர்த்துக்காக வாதாடலாம். நியாயமான வாதம்தான்; தெருவோரம் சாவதைவிட அது மேல். காப்பகத்தை ஒப்புக்கு நடத்தினார்கள் என்றும் சொல்ல முடியாது. அங்கே கழிவுநீரில் பயிர் விளைந்தது, கழிவுத் தொட்டியின் வாயுவைக் கொண்டு 1890களின் கடைசியில் எஞ்சினே ஓட்டினார்கள்.  இருந்தாலும் இந்த ஏற்பாட்டில் நோய் முற்றி, ஊரார் கண்ணை உறுத்திய பிறகுதான் ஒருவர் நோயாளியாகக் கணக்கில் வந்தார்.

மருந்து வந்த பிறகு அந்தச் சமாதானமும் போயிற்று. 1940களில் செங்கல்பட்டில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் நோயாளிகளுக்கு டாப்சோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இதற்கிடையில் 1976இல் டாக்டர் ஆர். கணபதி சயான்–சுனாபட்டியில் பம்பாய்த் தொழுநோய்த் திட்டத்தைத் தொடங்கினார். அதன் ஊழியர்கள் தாராவியின் சந்துகளிலும் பள்ளிக்கூடங்களிலும் போய்த் தேமல் தேடினார்கள். பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்க இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1947இல் ராணுவக் கொட்டகைகளில் தொடங்கிய அந்த மாநகராட்சி ஆஸ்பத்திரி தாராவியிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். ஆனால் தொழுநோயின் முதல் அடையாளம் வெளிறிய ஒரு தேமல். வலிக்காது, அரிக்காது, பஞ்சால் தொட்டால் உணர்வே இருக்காது. வலிக்காத ஒன்றுக்காகக் காலையில் கேஸ் பேப்பர் என்னும் சீட்டு எடுக்க வரிசையில் நின்று அன்றைய கூலியை இழக்க எந்தத் தோல் தொழிலாளி போவார்? விரல் மடங்கிய பிறகு போவார். அப்போது கிருமியைக் கொல்லலாம். செத்த நரம்பு திரும்பாது.

வீடு தேடிப் போகும் வைத்தியம் இரண்டாந்தர வைத்தியம் என்பது இன்னொரு குறை. நரம்பு அழற்சிக்கும் ஆறாத புண்ணுக்கும் மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவைக்கும் ஆஸ்பத்திரி வேண்டும், அதில் தகராறில்லை. ஆனால் சந்துக்குள் கொடுத்த மாத்திரையும் ஆஸ்பத்திரி மாத்திரையும் ஒன்றே. மாதம் ஒருமுறை ஊழியர் முன்னால் விழுங்கவைத்ததில் பாதியில் நிறுத்துவதும் குறைந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி தெரியவந்த பிறகு மாநகராட்சி செய்ததும் இதே வேலைதான்: உள்ளூர்க் கிளினிக் டாக்டர்களோடு வீடுவீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தது. நகரமே பயந்தபோது இது சில நாளில் கைகூடியது. அந்த வேகம் சாதாரண நாள்களுக்கு வாய்ப்பதில்லை. 2005 டிசம்பரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கில் இந்தியா தொழுநோய் ஒழிப்பை அறிவித்தது. வீடு தேடிப் போகும் வழக்கமும் தளர்ந்தது. 2016இல் அரசு மறுபடி வீடுவீடாக ஆள் அனுப்பிப் பார்த்தபோது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் அகப்பட்டார்கள். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியதும் அதே ஆண்டில்தான்.