முதுகில் ஏறிய மதுரை

எங்க கீழக்குயில்குடி சமணர் மலையில, சிற்பத்துக்குக் கீழயே வட்டெழுத்துல பேரு வெட்டி வச்சிருக்காங்க. ஆயிரம் வருஷம் தாண்டியும் அந்த ஊர், பேரெல்லாம் நிக்குது. கல்லே இல்லாம, தங்க பேருக்குள்ளயே மதுரையைத் தூக்கிட்டுத் திரியுற ஒரு சனமும் இருக்கு. முதுவர்!

மூணாறைச் சுத்தின இடுக்கி மலைகள்லயும் ஆனைமலையிலயும் வாழுற பழங்குடி. பேச்சு தமிழுக்கு ரொம்ப நெருக்கம். பூர்வீகம் மதுரைன்னு சொல்றாங்க. கண்ணகி எரிச்சப்ப கிளம்பினோம்னு ஒரு கதை. போடிநாயக்கனூருக்கு நாயக்கர்கள் வந்தப்ப மலையேறினோம்னு இன்னொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நூறு வருஷம்!

மீனாட்சி சிலையை முதுகுல சுமந்ததால முதுவர்னு ஒரு விளக்கம். இல்லை, பிள்ளைகளைச் சுமந்ததாலன்னு மறுபேச்சு. முதுவர் பொம்பளைங்க பிள்ளைகளைத் துணியால முதுகுல கட்டிக்கிறதைப் பார்த்தா ரெண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாப் படுது. 'முது'ன்னா பழமைதானே, பழங்குடிங்கிற அர்த்தமா இருக்கக் கூடாதான்னும் தோணுது.

பேரைப் பார்த்துக் கதை பிறந்துச்சா, கதையில இருந்து பேரு வந்துச்சா? எதுவா இருந்தாலும், 2010ல கேரளாவோட முதல் பழங்குடி ஊராட்சியான இடமலக்குடி இவங்களோடதுதான். நாம 'காட்டுவாசி'ன்னு ஒரே வார்த்தையில ஒதுக்குற இவங்க, நம்மளை இன்னும் ஊர்க்காரங்களா நினைக்கிறாங்க. மதுரைக்காரங்கன்னு மார்தட்டுற நமக்குத்தான் ஞாபகமில்லை.